மதர்போர்ட் சென்சாருக்கு லினக்ஸ் டிரைவர் ஆதரவு சேர்ப்பது எப்படி: கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

புது மதர்போர்ட் வாங்கி லினக்ஸும் போட்டாயிற்று. டெர்மினலில் 'சென்சார்ஸ்' என்று தட்டினால் சிபியு வெப்பநிலை மட்டும் வருகிறது. ஃபேன் வேகம் இல்லை, வோல்டேஜ் இல்லை. பயோஸுக்குள் போய்ப் பார்த்தால் அங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் சென்சார் சிப் நன்றாகத்தான் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத்தான் உங்கள் போர்டைத் தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய டிரைவர் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான போர்டுகளுக்குத் தேவைப்படுவது, ஏற்கெனவே உள்ள டிரைவரில் ஒரு வரியோ பத்து வரியோ சேர்ப்பதுதான். அந்த வரி சரியென்று நிரூபிப்பதில்தான் மினக்கெட வேண்டும். நான் அங்குமிங்கும் பொறுக்கித் தெரிந்துகொண்டதை, நீங்கள் அலையாமல் இருக்க இங்கே வரிசையாக எழுதுகிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

யாருக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேப்டொப் வைத்திருப்பவர்களுக்கும், அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற பெட்டிகளை வாங்கியவர்களுக்கும் பாதை வேறு. டெல்லுக்கு 'டெல்-எஸ்எம்எம்-ஹெச்டபிள்யூமான்' என்ற தனி டிரைவர் இருக்கிறது. முதலில் அதை ஏற்றிப் பாருங்கள். கீழே வருவது ஆசஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, அஸ்ராக் போர்டுகளை வாங்கித் தாங்களே பூட்டியவர்களுக்கு.

1. போர்டின் சரியான பெயரை எடுங்கள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தந்த பில்லில் ஒரு பெயர் இருக்கும், பெட்டியில் இன்னொன்று இருக்கும். கெர்னலுக்கு அவை இரண்டும் வேண்டாம். பயோஸ் தன்னை எப்படி அறிமுகப்படுத்துகிறதோ, அந்தப் பெயர்தான் வேண்டும். 'சுடோ டிமிடிகோட்' என்று தட்டி, பேஸ்போர்ட் என்ற பகுதியைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், போர்டின் பெயர், பதிப்பு மூன்றையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே நகலெடுங்கள். இடைவெளியும், அடைப்புக்குறிக்குள் வரும் வைஃபை என்ற சொல்லும்கூட முக்கியம். வைஃபை உள்ள போர்டும் இல்லாத போர்டும் கெர்னலுக்கு இரண்டு தனிப் போர்டுகள். ஒன்றைச் சேர்த்தால் மற்றதும் வேலைசெய்யும் என்று நினைக்காதீர்கள்.

பயோஸ் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பயோஸ் என்றால் இப்போதே புதுப்பித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது, பாதியில் மாற்றினால் எடுத்த அளவுகளையெல்லாம் மறுபடி எடுக்க நேரும். புதுப்பிக்கும்போது யூபிஎஸ் இருக்கட்டும்.

கவனம்: டிமிடிகோட் தரும் முழு வெளியீட்டில் உங்கள் கணினியின் தொடர் எண்ணும் தனி அடையாள எண்ணும் இருக்கும். எங்கும் பகிர முன் அவற்றை அழித்துவிடுங்கள்.

2. எந்தச் சிப் என்று பாருங்கள்

எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, 'சுடோ சென்சார்ஸ்-டிடெக்ட்' ஓட்டுங்கள். அது கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். அதுதான் பாதுகாப்பான விடை. வெறுமனே என்டர் தட்டிக்கொண்டே போங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் சொன்னால் நிறையக் கண்டுபிடிக்கும் என்று நினைத்து வீரம் காட்ட வேண்டாம்.

சூப்பர் ஐ/ஓ என்ற பகுதியில்தான் நமக்கு வேண்டிய விடை வரும். ஃபேன், வோல்டேஜ், வெப்பநிலை அளவுகளைப் பார்க்கும் சிப்பின் பெயர் அது. நுவோடன் சிப் என்றால் பெரும்பாலும் 'என்சிடி6775' டிரைவர். ஒரே டிரைவர் அந்தக் குடும்பத்தின் பல சிப்களைப் பார்த்துக்கொள்கிறது. ஐடிஈ சிப் என்றால் 'ஐடி87'; கிகாபைட் போர்டுகளில் இதைத்தான் அதிகம் காண்பீர்கள். எம்எஸ்ஐ போர்டுகள் பலவற்றில் என்சிடி6687 வகை இருக்கும், அதை 'என்சிடி6683' டிரைவர் வாசிக்கும். ஆசஸ் போர்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: சிப்செட் வெப்பநிலை, விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) வெப்பநிலை போன்ற சில அளவுகள் சூப்பர் ஐ/ஓவில் இருப்பதில்லை, எம்பெடட் கன்ட்ரோலர் (ஈசி) என்ற இன்னொரு சிறு கட்டுப்பாட்டுச் சிப்பில் இருக்கின்றன. அவற்றுக்கு 'ஆசஸ்-ஈசி-சென்சார்ஸ்' என்ற டிரைவர், கெர்னல் 5.18 முதல் கூடவே வருகிறது.

3. ஏற்கெனவே யாராவது சேர்த்துவிட்டார்களா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். உபுன்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) தரும் கெர்னல் பழையதாக இருக்கலாம். உங்கள் போர்ட் புதிய கெர்னலில் எப்போதோ சேர்ந்திருக்கலாம். கெர்னல்.ஆர்க் தளத்தில் டிரைவர்ஸ் அடைவுக்குள் ஹெச்டபிள்யூமான் (வன்பொருள் கண்காணிப்பு டிரைவர்கள் உள்ள பகுதி) அடைவைத் திறந்து, உரிய கோப்பில் உங்கள் போர்டின் பெயரைத் தேடுங்கள். பிறகு ஹெச்டபிள்யூமான்-நெக்ஸ்ட் என்ற கிளையிலும் தேடுங்கள். அடுத்த கெர்னலுக்குப் போகக் காத்திருப்பவை அங்கேதான் இருக்கும்.

இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. ஃபெடோராவின் புதிய பதிப்பைப் பென் டிரைவில் போட்டு லைவாக ஏற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

4. 'லாக்ஸ்' என்ற குறுக்கு வழி

டிரைவரை 'மோட்புரோப்' கொண்டு ஏற்றும்போது 'சாதனம் இல்லை' என்று வந்தால், கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் 'டிமெசேஜ்' (டி-எம்-ஈ-எஸ்-ஜி என்று தட்டுங்கள்) வெளியீட்டில் ஏசிபிஐ மோதல் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஏசிபிஐ என்பது போர்டின் ஃபர்ம்வேர் வன்பொருளைப் பற்றி லினக்ஸுக்குச் சொல்லும் முறை. இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் எழுதிக்கொடுப்பார்கள்: ஏசிபிஐ-என்ஃபோர்ஸ்-ரிசோர்ஸஸ் என்ற பூட் அளவுருவை 'லாக்ஸ்' என்று போடு. போட்டால் எண்கள் வந்துவிடும். அதனால்தான் அது பொறி.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்தச் சிப்பில் ஒரு ரெஜிஸ்டரை (அளவு இருக்கும் சிறு இடம்) வாசிக்க, முதலில் எந்த வங்கி (ரெஜிஸ்டர் தொகுதி), எந்த எண் என்று ஒரு ஐ/ஓ வாசலில் எழுத வேண்டும். பிறகு அடுத்த வாசலிலிருந்து மதிப்பை வாசிக்க வேண்டும். இரண்டு படி. டிரைவர் முதல் படியை முடித்து இரண்டாவதற்குப் போகும் இடைவெளியில் போர்டின் ஃபர்ம்வேரும் அதே வாசலில் வேறு வங்கி எண்ணை எழுதிவிட்டால், டிரைவர் வாசிப்பது வேறு ரெஜிஸ்டரை. வாசிப்பில் நடந்தால் ஒரு கணம் 3 டிகிரி அல்லது 120 டிகிரி காட்டிவிட்டு மறையும். எழுதும்போது நடந்தால், ஃபேன் வேகத்துக்கென்று எழுதியது எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. ஃபர்ம்வேருக்கும் அதே கதிதான்.

சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் லாக்ஸ் வைத்திருங்கள், பரவாயில்லை. நிரந்தரமாக விடாதீர்கள். கெர்னல் ஒத்துக்கொள்ளும் வழி, ஃபர்ம்வேரிடமே கேட்டு வாசிப்பது. ஆசஸ் போர்டுகளில் அதற்கு டபிள்யூஎம்ஐ (ஃபர்ம்வேரைக் கூப்பிடும் ஓர் இடைமுகம்) வழி இருக்கிறது, 5.17 முதல் என்சிடி6775 டிரைவருக்கு அது தெரியும். எந்தெந்தப் போர்டுகளில் அந்த வழியைப் பயன்படுத்தலாம் என்று டிரைவருக்குள் ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. உங்கள் போர்டின் பெயர் சேர வேண்டியது அந்தப் பட்டியலில்தான்.

5. ஆதாரம் சேருங்கள்

ஒரு கோப்புறை திறந்து இவற்றைப் போட்டு வையுங்கள்: டிமிடிகோட் பகுதி, சென்சார்ஸ்-டிடெக்ட் வெளியீடு, டிமெசேஜ் வெளியீடு, பயோஸின் ஹார்ட்வேர் மொனிட்டர் திரையைத் தொலைபேசியில் எடுத்த படம், ஏசிபிஐ அட்டவணை. கடைசியாகச் சொன்னதை 'ஏசிபிஐடம்ப்' கொண்டு எடுத்து, 'ஐஏஎஸ்எல்' கொண்டு பிரித்தால் வாசிக்கக்கூடிய கோப்பு கிடைக்கும். ஆசஸ் போர்ட் என்றால் அதில் ஆர்எஸ்ஐஓ, டபிள்யூஎஸ்ஐஓ, ஆர்ஹெச்டபிள்யூஎம், டபிள்யூஹெச்டபிள்யூஎம் என்ற நான்கு எழுத்துப் பெயர்களைத் தேடுங்கள். அவை இருந்தால் டபிள்யூஎம்ஐ வழி திறந்திருக்கிறது என்று நம்பலாம். ஆசஸ்-ஈசி-சென்சார்ஸுக்குச் சேர்ப்பதானால் மியூடெக்ஸின் (இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) பாதையையும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது அளவுகளைச் சரிபார்ப்போம். இங்கேதான் அவசரப்படக்கூடாது.

வெப்பநிலையைச் சோதிக்கக் கொழும்பு நல்ல இடம். வெள்ளவத்தையில் ஏசி இல்லாத அறையில் காலையில் கணினியைப் போட்டதும் ஒரு சென்சார் 22 டிகிரி காட்டினால் அது பொய். அறையே 29, 30 டிகிரியில் இருக்கும்போது காற்றால் குளிரும் எதுவும் அதற்குக் கீழே போகாது. அந்தச் சென்சார் எதோடும் இணைக்கப்படாத, சிப்பின் வெறும் கால் (பின்), அல்லது தப்பான வகையாக வாசிக்கப்படுகிறது. மைனஸ் 40, 127 போன்ற எண்களும் அப்படித்தான்: பெரும்பாலும் அங்கே வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரே பூட்டியிருக்காது. நுவோடன் சிப்களில் 'ஆக்ஸ்டின்' என்று வரும் வரிசையில் இப்படிப் பேய் எண்கள் ஏராளம். ஒன்று 100ஐத் தாண்டுகிறது என்று பதறி ஹீட்சிங்கைக் கழற்றாதீர்கள். சிபியுவுக்குப் பத்து நிமிடம் முழுச் சுமை கொடுத்து எது ஏறுகிறது, எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பாருங்கள். விஆர்எம் ஆறுதலாக ஏறி ஆறுதலாக இறங்கும், சிபியு பொசுக்கென்று ஏறும்.

ஃபேனுக்கு, கணினியை அணைத்து, கேஸ் ஃபேன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டி, எந்த வரி 0 ஆகிறது என்று எழுதி வையுங்கள். சிபியு ஃபேனில் கைவைக்க வேண்டாம். 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்' என்ற நிரல் ஃபேன்களை நிறுத்தித்தான் சோதிக்கும். நம் வெயிலில் அதை ஓட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள்.

வோல்டேஜில்தான் பலர் குழம்புகிறார்கள். நுவோடன் சிப்பின் ஒவ்வொரு படியும் 8 மில்லிவோல்ட், ஆக அதிகமாக 2.04 வோல்ட் வரைதான் அது நேரே அளக்கும். 12 வோல்டை அப்படியே கொடுக்க முடியாது என்பதால் போர்டில் இரண்டு மின்தடைகளால் பிரித்துக் கொடுப்பார்கள். டிரைவர் 1.01 வோல்ட் என்று காட்டுவது பிழையல்ல. அந்தப் போர்டில் பிரிப்பு பன்னிரண்டில் ஒன்று என்றால், 12ஆல் பெருக்கினால் 12.12 வந்துவிடும். பெருக்கும் எண் போர்டுக்குப் போர்ட் மாறும். பவர் சப்ளையின் மோலெக்ஸ் இணைப்பில் மஞ்சள் வயர் 12, சிவப்பு 5, கறுப்பு தரை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் சாதாரண மல்டிமீட்டரே போதும். அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் பெருக்கலை டிரைவருக்குள் போட்டு அனுப்பாதீர்கள், ஏற்க மாட்டார்கள். அது எட்சி அடைவில் 'சென்சார்ஸ்.டி' கோப்புறைக்குள் நீங்கள் எழுதும் அமைப்புக் கோப்பின் வேலை. அங்கே 'லேபிள்' கொண்டு பெயர் வைக்கலாம், 'கம்பியூட்' கொண்டு பெருக்கலாம், பேய் எண்களை 'இக்னோர்' போட்டு மறைக்கலாம். உங்களுக்கு வோல்டேஜ் மட்டும்தான் பிரச்சினை என்றால், கெர்னல் பக்கமே போக வேண்டாம், இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

6. கெர்னல் சோர்ஸை இறக்குதல்

இந்த வேலைக்கு எங்கும் கட்டணம் கிடையாது. செலவென்று சொன்னால் டேட்டாதான். கெர்னலின் மூல நிரலை 'கிட்' என்ற கருவியால் முழு வரலாற்றோடு இறக்கினால் பல ஜிபி போகும். கடைசி நிலையை மட்டும் எடுக்கும் 'டெப்த் 1' போட்டு இறக்கினால் சில நூறு எம்பியில் முடியும். ஒரு போர்ட் சேர்க்க அது தாராளம்.

முழுதாக வேண்டுமென்று நினைத்தால் ஒரு பொறி இருக்கிறது: 'கிட் குளோன்' பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து தொடங்கும். டொங்கிளில் இருப்பவருக்கு இது பெரிய தலையிடி. கெர்னல்.ஆர்க் தளம் 'குளோன்.பண்டில்' என்று ஒரே கோப்பாகவும் தருகிறது. அதை 'டபிள்யூகெட்' கட்டளையில் தொடரும் விருப்பத்தோடு இறக்கினால் அறுந்தாலும் தொடரும். இரவு டேட்டா உள்ள பொதி என்றால் படுக்கப் போகுமுன் போட்டுவிடுங்கள்.

7. மாற்றமும் சோதனையும்

பட்டியலில் உங்கள் போர்டை அகர வரிசையில் அதன் இடத்தில் சேருங்கள். கடைசியில் ஒட்டிவிட்டால் திரும்பி வரும். ஆசஸ்-ஈசி-சென்சார்ஸ் என்றால் கூடுதலாக எந்தெந்தச் சென்சார்கள், எந்தக் குடும்பம், எந்த மியூடெக்ஸ் என்று ஒரு சிறு தொகுதி எழுத வேண்டும். ஒரே குடும்பத்துப் பக்கத்துப் போர்டைப் பார்த்து எழுதலாம். ஆனால் அதன் சென்சார் பட்டியலை அப்படியே நகலெடுத்து அனுப்பாதீர்கள், ஐந்தாம் படியில் நீங்களே கண்டதை மட்டும் போடுங்கள். ஆவண அடைவிலும் அந்த டிரைவருக்கு ஒரு போர்ட் பட்டியல் உண்டு, அதிலும் சேருங்கள்.

மாற்றிய கெர்னலைக் கட்டுவதற்கு (கம்பைல் செய்வதற்கு) 'லோக்கல்மாட்கான்ஃபிக்' வழி கெதியானது. இப்போது ஏறியிருக்கும் டிரைவர்களை மட்டும் எடுத்துக் கட்டும், நடுத்தர ரைசனில் அரை மணி நேரத்துக்குள் முடியும். அதை ஓட்டுமுன் வைஃபை டொங்கிள், பென் டிரைவ் எல்லாம் குத்தியிருக்கட்டும். குத்தாதது புதுக் கெர்னலில் இருக்காது.

பயோஸில் செக்யூர் பூட் (கையொப்பமிட்டவற்றை மட்டும் ஏற்ற விடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் கையொப்பமில்லாத கெர்னலும் மொட்யூலும் ஏறாது. 'கீ மறுக்கப்பட்டது' என்ற செய்தி வந்தால் உங்கள் கோடில் பிழை தேடாதீர்கள், பயோஸில் அதை அணைத்துவிட்டுத் தொடருங்கள். புதுக் கெர்னலில் ஏறியதும் டிமெசேஜில் 'ஆசஸ் டபிள்யூஎம்ஐ மூலம் சிப்பை அணுகுகிறேன்' என்ற பொருளில் ஒரு வரி வந்தால் சரி. லாக்ஸ் அளவுருவை எடுத்துவிட்டுத்தான் சோதித்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அது இருந்தபடி எடுத்த சோதனைக்குப் பொருளில்லை.

8. பெயரும் அனுமதியும்

ஒவ்வொரு பேட்சின் (அனுப்பும் மாற்றக் கோப்பு) அடியிலும் 'சைன்ட்-ஆஃப்-பை' என்ற வரியில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வர வேண்டும். இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் தரும் உறுதி அது. நம் ஆட்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், ஜிமெயிலில் முதலெழுத்து மட்டும், கிட் அமைப்பில் செல்லப்பெயர். அனுப்புநர் பெயரும் கையொப்ப வரியும் ஒத்துப்போகாவிட்டால், பேட்சைச் சரிபார்க்கும் 'செக்பேட்ச்' நிரல் கத்தும். இந்தப் பெயர் கெர்னலின் வரலாற்றில் காலத்துக்கும் இருக்கப் போகிறது. எந்த வடிவம் என்று முதலே முடிவெடுத்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். அநாமதேயப் பெயர் எடுபடாது.

மென்பொருள் நிறுவனத்தில் வேலையென்றால் நியமனக் கடிதத்தை எடுத்து ஒருக்கால் வாசியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படியிருந்தால் மேலாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலே போதும். அந்தப் பதில் வரும்வரை அனுப்பக்கூடாது என்பதால், முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. மற்ற எல்லாப் படிகளையும்விட இது இழுபடலாம்.

9. அனுப்புதல்

தலைப்பு வரி 'ஹெச்டபிள்யூமான்' என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் டிரைவர் பெயர், பிறகு என்ன சேர்க்கிறீர்கள் என்பது. உள்ளே என்ன மாற்றம், எப்படிச் சோதித்தீர்கள் என்று நாலு வரி போதும். மாற்றத்தை ஹெச்டபிள்யூமான்-நெக்ஸ்ட் கிளையின் மேல் வைத்து, 'செக்பேட்ச்' ஓட்டிச் சுத்தமாக்கி, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் 'கெட்_மெயின்டெய்னர்' நிரல் காட்டும் முகவரிகள் எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். ஹெச்டபிள்யூமான் பகுதியின் பராமரிப்பாளர் குவென்டர் ரொக். அவர் பதில் சுருக்கமாக இருக்கும். கோபம் என்று நினைக்காதீர்கள்.

ஜிமெயில் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப்கள் இடைவெளிகளாகி, வரிகள் உடைந்து, பேட்ச் பொருந்தாது. 'கிட் சென்ட்-இமெயில்' பயன்படுத்துங்கள். ஜிமெயிலில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆப் பாஸ்வேர்ட் ஒன்று எடுத்து அதில் கொடுக்க வேண்டும். அலுவலக முகவரி வேண்டவே வேண்டாம். அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் 'இது இரகசியமானது' என்ற அறிவிப்பைக் கண்டால் பேட்சை எடுக்க மாட்டார்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, 'கிட் ஏஎம்' கொண்டு பொருத்திப் பாருங்கள். பொருந்தினால்தான் வெளியே.

10. காத்திருப்பு

ஒரு கிழமைக்குள் பதில் இல்லையென்று நச்சரிக்க வேண்டாம். இரண்டு, மூன்று கிழமை ஆனால் பணிவாக ஒரு வரி நினைவூட்டலாம். திருத்தம் கேட்டால், கேட்ட ஒவ்வொன்றுக்கும் அதன் கீழேயே பதில் எழுதி, பிறகு 'வி2' என்று புது மடலாக அனுப்புங்கள். என்ன மாறியது என்பதைப் பேட்சில் வரும் மூன்று சிறு கோடுகளுக்குக் (---) கீழே எழுதினால் அது வரலாற்றில் ஏறாது.

கெர்னல் 9 அல்லது 10 கிழமைக்கு ஒன்று வெளிவருகிறது. அதில் முதல் இரண்டு கிழமைதான் புதியவை சேரும் காலம். அந்தச் சமயத்தில் புதுப் பேட்ச் அனுப்பினால் கவனிக்க ஆளிருக்காது. முதல் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்தபின் அனுப்புவது உத்தமம். ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து வெளிவரும் கெர்னலில் காண இரண்டு முதல் ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதன அடையாளம் சேர்க்கும் சிறு மாற்றங்களை ஸ்டேபிள் (ஏற்கெனவே வெளிவந்து திருத்தங்கள் பெறும்) கெர்னல்களுக்கும் எடுக்க விதியில் இடமுண்டு, ஆனால் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். ஆர்ச், ஃபெடோரா ஆட்களுக்குக் கெதியாக வரும். உபுன்டு எல்டிஎஸ், டெபியன் ஸ்டேபிள் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அந்தக் கெர்னல் உங்கள் கணினிக்கு வந்ததும், நீங்களே கட்டிய கெர்னலை நீக்கி, கிரப் (லினக்ஸைத் தொடக்கும் நிரல்) அமைப்பில் லாக்ஸ் மிச்சமிருந்தால் அதையும் அழித்து, செக்யூர் பூட்டை மறுபடி போடுங்கள். சென்சார்ஸ்.டி கோப்பை மட்டும் வைத்திருங்கள். சிப்பின் பெயர் மாறியிருந்தால் அதன் முதல் வரியை மட்டும் திருத்தினால் போதும்.